தவறு உறுதியானது, இழப்பு நிரூபணமாகவில்லை: ஓய்வூதிய நிதி வழக்குகளில் காரணத்தை நிறுவுவது ஏன் கடினம்?

புதுடெல்லி: அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் தனது ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பை நிர்வகிப்பதில் சட்டம் விதித்த விசுவாசக் கடமையை மீறியது என்று டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. முதலீட்டு நிறுவனமான பிளாக்ராக், சுற்றுச்சூழல் மற்றும் சமூக நோக்கங்களை முன்வைத்துப் பங்குதாரர் வாக்குகளைப் பயன்படுத்தியதை விமான நிறுவனம் கண்டுகொள்ளாமல் விட்டது என்பது வழக்கின் மையக் குற்றச்சாட்டு. லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் சார்பில் நடந்த அந்த வழக்கில் ஊழியர் தரப்பு பெரிய வெற்றியைப் பெற்றதாகவே அப்போது கருதப்பட்டது.

ஆனால் அதே நீதிமன்றம் 2025 செப்டம்பர் இறுதியில் அளித்த அடுத்த உத்தரவில், ஊழியர்களுக்கு இழப்பீடாக ஒரு டாலர்கூட வழங்கவில்லை. கடமை மீறப்பட்டது உண்மை என்றாலும், அதனால் ஓய்வூதிய நிதிக்குப் பண இழப்பு ஏற்பட்டது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. எதிர்கால நிர்வாகத்துக்குச் சில கட்டுப்பாடுகள் மட்டுமே விதிக்கப்பட்டன.

தவறு நடந்தது உறுதியான பிறகும் பணம் கிடைக்காமல் போவது எப்படி? தவறுக்கும் இழப்புக்கும் இடையே உள்ள தொடர்பை யார் நிரூபிக்க வேண்டும்? அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்களை 30 ஆண்டுகளுக்கும் மேலாக இரு அணிகளாகப் பிரித்து வைத்திருக்கும் கேள்வி இது. தேசிய ஓய்வூதியத் திட்டம் போன்ற சந்தை சார்ந்த சேமிப்புகளுக்கு நகர்ந்து வரும் இந்தியாவுக்கும் இது தொடர்பற்றதல்ல.

சட்டம் பிறந்த கதை

இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் இருந்த ஸ்டூட்பேக்கர் கார் தொழிற்சாலை 1963 டிசம்பரில் மூடப்பட்டது. நிறுவனத்தின் ஓய்வூதிய நிதியில் போதிய பணம் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும் 60 வயதைக் கடந்தவர்களுக்கும் முழு ஓய்வூதியம் கிடைத்தது. 40 முதல் 59 வயது வரையிலான சுமார் 4,000 தொழிலாளர்களுக்கு வாக்களிக்கப்பட்ட தொகையில் ஏறக்குறைய 15 சதவீதம் மட்டுமே கிடைத்தது. அவர்களைவிட இளையவர்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லை.

இந்தச் சம்பவம் எழுப்பிய விவாதம், ஊழியர் ஓய்வூதிய வருமானப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. சுருக்கமாக 'எரிசா' என்று அழைக்கப்படும் இந்தச் சட்டத்தில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு 1974 செப்டம்பர் 2 அன்று கையெழுத்திட்டார்.

ஓய்வூதிய நிதியை நிர்வகிப்பவர்களை இந்தச் சட்டம் நம்பிக்கைப் பொறுப்பாளர்களாகக் கருதுகிறது. நிறுவனத்தின் முதலீட்டுக் குழு உறுப்பினர்கள், உயர் அதிகாரிகள், ஆலோசகர்கள் எனப் பலர் இந்த வரையறைக்குள் வரக்கூடும். ஊழியர்களின் நலனை மட்டுமே கருத்தில் கொள்ள வேண்டும், விவேகமுள்ள நிபுணர் காட்டும் கவனத்துடன் செயல்பட வேண்டும், முதலீட்டைப் பரவலாக்க வேண்டும், திட்ட ஆவணங்களின்படி நடக்க வேண்டும் என்று சட்டத்தின் 404-வது பிரிவு அவர்களுக்கு நான்கு கடமைகளை விதிக்கிறது.

இந்தக் கடமைகளை மீறினால் என்ன ஆகும் என்பதை 409-வது பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு மீறலின் 'விளைவாக' ஏற்படும் இழப்பைப் பொறுப்பாளர் தனிப்பட்ட முறையில் ஈடுசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். மொத்தச் சிக்கலும் இந்த 'விளைவாக' என்ற சொல்லில்தான் அடங்கியிருக்கிறது. இழப்பு மீறலால் விளைந்தது என்பதை நிரூபிக்க வேண்டியது ஊழியரா, அல்லது மீறலால் விளையவில்லை என்பதை நிரூபிக்க வேண்டியது பொறுப்பாளரா என்பதைச் சட்டம் வெளிப்படையாகக் கூறவில்லை.

யாருடைய பணம், யாருடைய அபாயம்?

சட்டம் இயற்றப்பட்ட காலத்தில் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த பெரும்பாலான அமெரிக்க ஊழியர்களுக்கு நிலையான ஓய்வூதியம் இருந்தது. பணியாண்டுகள், ஊதியம் ஆகியவற்றின் அடிப்படையில் மாதந்தோறும் இவ்வளவு என்று முன்பே தீர்மானிக்கப்பட்ட தொகை அது. முதலீட்டில் இழப்பு வந்தால் நிறுவனம்தான் அதைச் சுமக்கும்.

பின்னர் வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்ணால் அறியப்படும் 401(கே) திட்டங்கள் பரவின. இதில் ஊழியர் தம் ஊதியத்தில் ஒரு பகுதியைச் செலுத்துகிறார். நிறுவனமும் ஒரு பங்கைச் சேர்க்கலாம். நிறுவனம் தெரிவு செய்து வைத்திருக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளின் பட்டியலிலிருந்து ஊழியர் தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லாபமும் இழப்பும் ஊழியருடையவை. இன்று கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் 8 லட்சம் கோடி டாலருக்கும் அதிகமான சேமிப்பு இத்தகைய திட்டங்களில் இருக்கிறது.

இந்த மாற்றம் வழக்குகளின் தன்மையையும் மாற்றியது. நிலையான ஓய்வூதியம் பெறுவோர் தொடுத்த யுஎஸ் பேங்க் வழக்கில், மாதத் தொகை குறையாமல் கிடைத்து வரும்போது முதலீட்டுத் தவறு குறித்து வழக்குத் தொடர அவர்களுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் கூறியது. 401(கே) ஊழியரின் நிலை வேறு. ஒரு தவறான ஃபண்டால் தனி ஒருவரின் கணக்கு மட்டும் பாதிக்கப்பட்டாலும், அந்த இழப்பை மீட்க வழக்குத் தொடரலாம் என்று 2008-லேயே அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருந்தது.

சிறிய தவறும் நீண்ட காலத்தில் பெரிய இழப்பாக முடியும். அமெரிக்கத் தொழிலாளர் துறை ஊழியர்களுக்கு விளக்க ஒரு கணக்கைப் பயன்படுத்துகிறது. 25,000 டாலர் இருப்பு ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்வதாகவும், புதிதாகப் பணம் எதுவும் செலுத்தப்படவில்லை என்றும் கொள்வோம். கட்டணம் 0.5 சதவீதமாக இருந்தால் 35 ஆண்டுகளில் அது ஏறக்குறைய 2,27,000 டாலராக உயரும். கட்டணம் 1.5 சதவீதமானால் 1,63,000 டாலர்தான் மிஞ்சும். ஒரு சதவீதக் கட்டண வேறுபாடு ஓய்வுக்காலப் பணத்தில் 28 சதவீதத்தைக் கரைத்துவிடுகிறது.

நிரூபிக்க வேண்டிய மூன்று அம்சங்கள்

இத்தகைய வழக்கில் ஊழியர் தரப்பு கடக்க வேண்டிய படிகள் மூன்று. பொறுப்பாளர் கடமையை மீறினார் என்பது முதலாவது. நிதிக்கு இழப்பு ஏற்பட்டது என்பது இரண்டாவது. அந்த இழப்பு அந்த மீறலால்தான் ஏற்பட்டது என்பது மூன்றாவது.

முதல் படியில் நீதிமன்றம் ஆராய்வது பொறுப்பாளர் முடிவெடுத்த விதத்தை. அந்த முடிவு லாபம் தந்ததா என்பது அங்கே முதன்மையான கேள்வி அல்ல. முதலீட்டுக் குழு முறையாகக் கூடியதா, கட்டணங்களை ஒப்பிட்டதா, ஆலோசகரின் அறிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தியதா என்பவையே அங்கு முக்கியம். சரியான ஆய்வுக்குப் பின் எடுத்த முடிவு இழப்பில் முடிந்தாலும் அது மீறல் ஆகாது.

மூன்றாவது படிதான் கடினம். ஓட்டுநர் உரிமம் இல்லாத ஒருவர் வாகனத்தை நிதானமாக ஓட்டிச் செல்கிறார். திடீரென ஒருவர் குறுக்கே ஓடி வந்து அடிபடுகிறார். உரிமம் இல்லாமல் ஓட்டியது குற்றம். ஆனால் விபத்துக்குக் காரணம் உரிமம் இல்லாததா? உரிமம் உள்ளவர் ஓட்டியிருந்தாலும் அதே விபத்து நடந்திருக்கும் அல்லவா? ஓய்வூதிய நிதி வழக்குகளில் நிறுவனங்கள் முன்வைக்கும் வாதம் இதை ஒத்ததே. குழு முறையாக ஆராயவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், முறையாக ஆராய்ந்திருந்தாலும் இதே ஃபண்டைத்தான் தேர்ந்தெடுத்திருப்போம் என்கின்றன அவை.

நடக்காத ஒன்றைப் பற்றிய கேள்வி இது. விவேகமுள்ள பொறுப்பாளர் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார், அப்போது நிதியின் மதிப்பு எவ்வளவாக இருந்திருக்கும் என்ற கற்பனை நிலையை ஆவணங்களைக் கொண்டும் நிபுணர்களைக் கொண்டும் நிறுவ வேண்டியிருக்கிறது.

இழப்பைக் கணக்கிடும் அடிப்படை முறையை இரண்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985-ல் கிரம்மன் விமானத் தயாரிப்பு நிறுவனம் தொடர்பான வழக்கில் வகுத்தது. நிதி உண்மையில் ஈட்டியதையும், மீறல் நடக்காதிருந்தால் ஈட்டியிருக்கக்கூடியதையும் ஒப்பிட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. நிதி லாபத்தில் இருந்தாலும், அதைவிடக் கூடுதலாக ஈட்டியிருக்க முடியும் என்றால் அதுவும் இழப்பே. ஒன்றுக்கு மேற்பட்ட மாற்று முதலீடுகள் சமமாகப் பொருந்தினால், அதிக லாபம் தந்ததையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது.

எளிய வழக்கும் சிக்கலான வழக்கும்

எல்லா வழக்குகளிலும் காரணத்தை நிறுவுவது ஒரே அளவு கடினமல்ல. கலிபோர்னியாவின் எடிசன் மின் நிறுவன ஊழியர்கள் 2007-ல் தொடுத்த வழக்கு எளிய வகைக்கு எடுத்துக்காட்டு. பெரிய நிறுவனங்களுக்கென்றே குறைந்த கட்டணத்தில் வழங்கப்படும் யூனிட்டுகள் கிடைத்தபோதும், தனிநபர்களுக்கு விற்கப்படும் கூடுதல் கட்டண யூனிட்டுகளில் ஊழியர்களின் பணம் போடப்பட்டிருந்தது. இரண்டிலும் உள்ள பங்குகளும் பத்திரங்களும் ஒன்றே. வேறுபாடு கட்டணத்தில் மட்டுமே. எனவே இழப்பைக் கழித்தல் கணக்கிலேயே கண்டுவிடலாம்.

முதலீடுகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் கடமை பொறுப்பாளருக்கு உண்டு என்று இந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-ல் ஒருமனதாகக் கூறியது. வழக்கு மீண்டும் மாவட்ட நீதிமன்றத்துக்குச் சென்று, 2017-ல் 17 ஃபண்டுகள் தொடர்பாகவும் ஊழியர்களுக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. எளிய வழக்குக்கே பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

ஏபிபி நிறுவன வழக்கு இதற்கு நேர்மாறானது. வான்கார்டு நிறுவனத்தின் ஃபண்டில் இருந்த ஊழியர் பணம், ஃபிடிலிட்டி நிறுவனத்தின் ஃபண்டுகளுக்கு மாற்றப்பட்டதே அங்கு முக்கியப் பிரச்சினைகளில் ஒன்று. 2012-ல் மாவட்ட நீதிமன்றம் இந்த மாற்றத்துக்காக மட்டும் 2.18 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. ஆனால் பழைய ஃபண்டு தொடர்ந்திருந்தால் ஊழியர்கள் அனைவரும் அதிலேயே இருந்திருப்பார்கள் என்பது ஊகம் என்று கூறி, எட்டாவது வட்டார நீதிமன்றம் 2014-ல் அந்தத் தொகையை ரத்து செய்தது. மறுவிசாரணையில் மீறல் உண்டு, இழப்பு நிரூபிக்கப்படவில்லை என்று மாவட்ட நீதிமன்றம் முடிவு செய்தது. அதையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-ல் ரத்து செய்து, இழப்பை மீண்டும் ஆராயுமாறு திருப்பி அனுப்பியது. 2006-ல் தொடங்கிய வழக்கு 2019-ல் 5.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

'எடுத்திருக்கலாம்' என்பதும் 'எடுத்திருப்பார்' என்பதும்

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை அதிகம் பேச வைத்தது சிகரெட் தயாரிப்பு நிறுவனமான ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் மீதான வழக்கு. 1999-ல் அந்த நிறுவனம் நபிஸ்கோ உணவு நிறுவனத்திடமிருந்து பிரிந்தது. பிரிந்த பின்னரும் ஊழியர்களின் 401(கே) கணக்குகளில் நபிஸ்கோ பங்குகள் இருந்தன. அவற்றை ஆறு மாதங்களில் அகற்றிவிடுவது என்று நிறுவன அதிகாரிகள் சிலர் ஒரு மணி நேரத்துக்கு மிகாத கூட்டத்தில் தீர்மானித்தனர்.

பிரிவினைக்குப் பிறகு பங்கு விலைகள் வீழ்ந்தன. ஆனாலும் முடிவு மறுபரிசீலனை செய்யப்படவில்லை. 2000 ஜனவரி 31 அன்று பங்குகள் விற்கப்பட்டன. அடுத்த சில மாதங்களில் முதலீட்டாளர் கார்ல் ஐகான் நிறுவனத்தைக் கைப்பற்ற முயன்றதால் விலை ஏறத் தொடங்கியது. விற்கப்பட்ட நாளில் 8.6 டாலர் அளவில் இருந்த நபிஸ்கோ குழுமப் பங்கு, அந்த ஆண்டின் இறுதியில் 30 டாலருக்குக் கைமாறியது. சுமார் 30 டாலரில் இருந்த நபிஸ்கோ உணவு நிறுவனப் பங்கு 55 டாலரை எட்டியது.

போதிய ஆய்வின்றி முடிவெடுத்தது மீறல்தான் என்பதை மாவட்ட நீதிமன்றம் ஏற்றது. ஆனால் விவேகமுள்ள ஒருவரும் இதே முடிவை எடுத்திருக்கலாம் என்று கூறி நிறுவனத்தை விடுவித்தது. நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-ல் இதை ஏற்கவில்லை. 'எடுத்திருக்கலாம்' என்பது வெறும் சாத்தியம். விவேகமுள்ளவர் இதே முடிவைப் பெரும்பாலும் 'எடுத்திருப்பார்' என்று காட்ட வேண்டும். அதைக் காட்ட வேண்டியதும் கடமையை மீறிய நிறுவனமே என்று அந்த நீதிமன்றம் அறிவித்தது.

நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் தோளுக்கு மாறியதால் ஊழியர்கள் வென்றுவிட்டார்களா என்றால், இல்லை. ஒரே நிறுவனத்தின் பங்குகளில் பணத்தைக் குவித்து வைப்பது அபாயம் என்பதாலும், விலை ஏறும் என்பதை அன்று யாரும் கணித்திருக்க முடியாது என்பதாலும், விவேகமுள்ள பொறுப்பாளர் அதே காலத்தில் விற்றிருப்பார் என்று மாவட்ட நீதிமன்றம் 2016-ல் முடிவு செய்தது. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பொறுப்பு மாறுவதால் மட்டுமே தீர்ப்பு மாறிவிடாது என்பதை இந்த வழக்கு காட்டியது.

இரு அணிகளாக நிற்கும் நீதிமன்றங்கள்

மீறலையும் இழப்பையும் ஊழியர் காட்டிவிட்டால், இழப்புக்கு மீறல் காரணமல்ல என்பதை நிறுவனம் நிரூபிக்க வேண்டும் என்பது ஓர் அணி. முதலாவது, நான்காவது, ஐந்தாவது, எட்டாவது வட்டார நீதிமன்றங்கள் இதில் அடங்கும். காரணத் தொடர்பையும் ஊழியரே நிரூபிக்க வேண்டும் என்பது மற்றோர் அணி. ஆறாவது, பத்தாவது, பதினொன்றாவது வட்டார நீதிமன்றங்கள் இந்தப் பக்கம் நிற்கின்றன.

முதல் அணியின் வாதத்தை விரிவாக முன்வைத்தது, பாஸ்டனில் உள்ள முதலாவது வட்டார நீதிமன்றம் 2018-ல் அளித்த புட்னம் தீர்ப்பு. மியூச்சுவல் ஃபண்டு நிறுவனமான புட்னம், தன் ஊழியர்களின் ஓய்வூதியத் திட்டத்தில் தன் சொந்த ஃபண்டுகளையே தனித்தனியாக ஆராயாமல் சேர்த்திருந்தது. அவற்றின் வருமானத்தைச் சந்தைக் குறியீட்டைப் பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்டுகளின் வருமானத்தோடு ஒப்பிட்டு இழப்பைக் காட்ட ஊழியர்களுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் கூறியது. அறக்கட்டளைச் சட்டத்தின் பழைய மரபின்படி, கடமையை மீறிய பொறுப்பாளரே காரணத் தொடர்பு இல்லை என்பதைக் காட்ட வேண்டும் என்றும் அது தீர்ப்பளித்தது. குறைந்த கட்டணமுள்ள இண்டெக்ஸ் ஃபண்டுகளைத் தேர்ந்தெடுத்தால் இத்தகைய வழக்குகளிலிருந்து நிறுவனங்கள் எளிதில் தற்காத்துக் கொள்ளலாம் என்றும் அது சுட்டிக்காட்டியது.

இந்தத் தீர்ப்பை எதிர்த்த மனுவை உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் ஏற்க மறுத்தது. அதே ஆண்டில் வழக்கு 1.25 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

எதிர் அணியின் நிலைப்பாட்டை 2024 ஆகஸ்டில் வெளியான ஹோம் டிப்போ தீர்ப்பு பிரதிபலித்தது. வீட்டு உபயோகப் பொருள் விற்பனை நிறுவனமான ஹோம் டிப்போ, மோசமாகச் செயல்பட்ட ஃபண்டுகளைத் தொடர்ந்து வைத்திருந்தது, ஆலோசகர்களின் கூடுதல் கட்டணத்தைக் கவனிக்கத் தவறியது என்பவை குற்றச்சாட்டுகள். வழக்குத் தொடுப்பவரே தம் வழக்கின் ஒவ்வொரு கூறையும் நிரூபிக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. அதை மாற்றும் சொற்கள் எரிசா சட்டத்தில் இல்லை என்று பதினொன்றாவது வட்டார நீதிமன்றம் கூறியது. விவேகமுள்ள பொறுப்பாளர் ஒருவர் அதே ஃபண்டுகளை வைத்திருந்திருக்கக்கூடும் என்றால் நிறுவனத்தின் மீது பொறுப்புச் சுமத்த முடியாது என்பதும் அதன் முடிவு.

பத்தாவது வட்டார நீதிமன்றம் 2017-ல் விசாரித்த கார் விற்பனை நிறுவன வழக்கு, இந்த அணுகுமுறையின் விளைவைக் காட்டுகிறது. லேண்ட் ரோவர் விற்பனை மையங்களை ஊழியர் பங்குத் திட்டம் வாங்க முயன்றது. பொறுப்பாளரின் தவறால் அது கைகூடவில்லை என்பது வாதம். ஆனால் கார் தயாரிப்பு நிறுவனம் அந்த விற்பனைக்கு ஒப்புதல் அளித்திருக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அந்த ஓர் இடைவெளியால் வழக்கு தோற்றது.

இதன் நடைமுறைப் பொருள் என்னவென்றால், ஒரே வகைத் தவறுக்கு பாஸ்டனில் பணிபுரியும் ஊழியருக்கு ஒரு விதியும், அட்லாண்டாவில் பணிபுரியும் ஊழியருக்கு வேறு விதியும் பொருந்துகின்றன. இரண்டு ஊர்களுக்கும் சட்டம் ஒன்றே.

இரு தரப்பு நியாயங்கள்

ஊழியர் தரப்பின் முக்கிய வாதம் தகவல் பற்றியது. குழுவின் கூட்டக் குறிப்புகள், ஆலோசகரின் மின்னஞ்சல்கள், பரிசீலித்துக் கைவிடப்பட்ட மாற்று ஃபண்டுகளின் விவரம் என அனைத்தும் நிறுவனத்திடமே உள்ளன. குழு ஆராயவே இல்லை என்பதுதான் தவறு எனும்போது, ஆராய்ந்திருந்தால் என்ன முடிவெடுத்திருக்கும் என்பதற்கு ஆவணமே இருக்காது. அந்தச் சந்தேகத்தின் பலனைத் தவறு செய்தவருக்கே கொடுப்பது நியாயமல்ல என்கின்றனர் அவர்கள்.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. சந்தையில் ஆயிரக்கணக்கான ஃபண்டுகள் உள்ளன. பின்னோக்கிப் பார்த்தால் எந்த முதலீட்டையும்விடச் சிறந்த வேறொன்றை எளிதாகக் காட்டிவிட முடியும். நிரூபிக்கும் பொறுப்பும் தங்கள் மீது வந்தால், பலவீனமான வழக்குகளையும் செலவுக்கு அஞ்சிச் சமரசம் செய்ய நேரிடும். வழக்குச் செலவும் காப்பீட்டுக் கட்டணமும் உயர்ந்தால், ஓய்வூதியத் திட்டம் வழங்கவே சிறு நிறுவனங்கள் தயங்கும் என்பது அவற்றின் கவலை.

உச்ச நீதிமன்றம் இதுவரை வழக்கின் தொடக்க நிலைகளில்தான் அதிகம் தலையிட்டுள்ளது. நல்ல ஃபண்டுகள் பல பட்டியலில் இருப்பதால் மட்டும் மோசமான ஒன்றை வைத்திருப்பது நியாயமாகிவிடாது என்று 2022-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வழக்கில் அது கூறியது. சட்டம் தடை செய்த பரிவர்த்தனைகள் குறித்த கார்னெல் பல்கலைக்கழக வழக்கில் 2025 ஏப்ரலில் மேலும் ஒரு படி சென்றது. விதிவிலக்கு தங்களுக்குப் பொருந்தும் என்று கூறும் பொறுப்பாளர்களே அதை நிரூபிக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அது காரணத் தொடர்பைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

ஊழியருக்குச் சாதகமான அணியில் இருந்தாலும், இழப்பு உண்டு என்பதை முதலில் காட்டும் பொறுப்பு ஊழியரிடமே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். டெக்சாஸ், நிரூபிக்கும் பொறுப்பை நிறுவனத்துக்கு மாற்றும் ஐந்தாவது வட்டாரத்தில்தான் வருகிறது. அப்படியிருந்தும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வழக்கு இழப்பு என்ற இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டது.

இந்தியாவில் நிலை என்ன?

இந்தியாவில் அமைப்புசார் துறை ஊழியர்களின் முக்கியச் சேமிப்பான வருங்கால வைப்பு நிதியில் இந்தக் கேள்வி பெரிதாக எழுவதில்லை. உறுப்பினரின் கணக்கு நேரடியாகச் சந்தையோடு பிணைக்கப்படவில்லை. ஆண்டுதோறும் வட்டி விகிதம் அறிவிக்கப்படுகிறது. 2023-24, 2024-25 ஆகிய இரு நிதியாண்டுகளுக்கும் அது 8.25 சதவீதம்.

சில பெரிய நிறுவனங்கள் விலக்கு பெற்று, சொந்த அறக்கட்டளை மூலம் வைப்பு நிதியை நடத்துகின்றன. அவை அறிவிக்கப்பட்ட விகிதத்துக்குக் குறையாமல் வட்டி தர வேண்டும். அறக்கட்டளையின் வருமானம் குறைந்தால் பற்றாக்குறையை நிறுவனமே ஈடுகட்ட வேண்டும். திருட்டு, கையாடல் உள்ளிட்ட எந்தக் காரணத்தால் நிதிக்கு இழப்பு வந்தாலும் பொறுப்பு நிறுவனத்துடையதே என்பது விலக்குக்கான நிபந்தனை. இழப்புக்கு யாருடைய தவறு காரணம் என்பதை ஊழியர் நிரூபிக்கத் தேவையில்லை.

எனினும் அபாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. உத்தரப் பிரதேச மின்வாரிய ஊழியர்களின் வைப்பு நிதி டிஹெச்எஃப்எல் என்ற தனியார் வீட்டுக் கடன் நிறுவனத்தில் போடப்பட்டு, 2,260 கோடி ரூபாய்க்கும் மேல் சிக்கிக்கொண்டது 2019-ல் வெளிச்சத்துக்கு வந்தது. ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினர்; வழக்கு பின்னர் சிபிஐ வசம் சென்றது.

தேசிய ஓய்வூதியத் திட்டம் அமெரிக்க 401(கே) முறைக்கு நெருக்கமானது. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு அறிமுகமாகி, 2009 மே மாதம் அனைத்துக் குடிமக்களுக்கும் திறக்கப்பட்ட இத்திட்டத்தில் வருமானம் சந்தையைப் பொறுத்தது. இங்கு நிதி மேலாளரின் தவறால் இழப்பு ஏற்பட்டதாக ஒருவர் கருதினால், சந்தையின் வீழ்ச்சி எவ்வளவு, தவறின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டிய அதே சிக்கல் எழும்.

அதற்கு விடை தேட உதவும் விதிகள் இந்தியச் சட்டத்திலும் உள்ளன. கடமை மீறலால் சொத்துக்கு ஏற்பட்ட இழப்பை அறங்காவலர் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 23-வது பிரிவு. ஒரு செய்தி குறிப்பிட்ட ஒருவரின் அறிவுக்கு மட்டுமே உட்பட்டதாக இருந்தால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது என்கிறது பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 109-வது பிரிவு. ஆவணங்கள் யார் கையில் உள்ளனவோ அவரே பேச வேண்டும் என்ற புட்னம் தீர்ப்பின் தர்க்கத்துக்கு இது வெகு தொலைவில் இல்லை.

கவனிக்க வேண்டியவை

அமெரிக்க வழக்குகளின் அனுபவத்திலிருந்து இரு தரப்புக்கும் சில தெளிவுகள் கிடைக்கின்றன. நிறுவனங்களைப் பொறுத்தவரை, முடிவெடுத்த காரணத்தை அன்றே எழுதி வைப்பதே பின்னாளில் சிறந்த தற்காப்பு. ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் குழு முறையாக ஆராய்ந்து அதே முடிவை எடுத்துக் குறிப்பெழுதி வைத்திருந்தால், ஒன்றரைப் பத்தாண்டு வழக்கைத் தவிர்த்திருக்க வாய்ப்பு உண்டு.

ஊழியர்களைப் பொறுத்தவரை, ஆண்டு அறிக்கைகளையும் கட்டண விவரங்களையும் சேமித்து வைப்பது அவசியம். ஒரே வகையான இரு திட்டங்களுக்கு இடையிலான கட்டண வேறுபாடு நீதிமன்றத்தில் எளிதாக நிரூபணமாகும். வேறு ஃபண்டில் போட்டிருந்தால் இன்னும் கிடைத்திருக்கும் என்ற வாதம் அவ்வளவு எளிதில் நிலைப்பதில்லை.

வட்டார நீதிமன்றங்களுக்கிடையே உள்ள பிளவை உச்ச நீதிமன்றமோ நாடாளுமன்றமோ தீர்த்துவைக்கும் வரை, ஒரு முதலீட்டுக் குழு கடமையைத் தவறவிட்டால் அதற்கான விலையை நிறுவனம் கொடுக்குமா, ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பு கொடுக்குமா என்பது, வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படுகிறது என்பதையும் பொறுத்தே அமையும்.